பாண்டிச்சேரிப் பாலத்தில் வந்த போன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், "வேற வேலையே இல்லையாம்மா உங்களுக்கு?" என்று எழுந்து போகிறவள் நான். சிரிப்பதானால் சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் எனக்குத் தையல் வேலை. வேலை நேரத்தில் போன் எடுத்தால் சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார், அதனால் போன் அதிர்ந்தால் யாரென்று பார்க்காமலே கை தானாகப் போய் கட் பண்ணிவிடும், அத்தனை வருஷப் பழக்கம். என் வீட்டுக்காரர் வைட்ஃபீல்டில் கம்பெனி வண்டி ஓட்டினார். போன வருஷம் ஒரு மத்தியானம் நெஞ்சுவலி வந்து, வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்குத்தான் போன் போட்டிருக்கிறார். கட் பண்ணினேன். மறுபடி போட்டார், மறுபடியும் கட் பண்ணினேன், பாவி. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

அவர் பிறந்தது பாண்டிச்சேரி. சின்ன வயதில் துறைமுகத்துப் பழைய பாலத்திலிருந்து கடலில் குதித்த கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார், "உன்னக் கூட்டினு போய்க் காட்றேன் இரு" என்பார், லீவுதான் கிடைத்ததே இல்லை. முதல் வருஷத் திவசம் முடிந்ததும் மகள் புவனா என்னை அங்கே கூட்டிப்போனாள். பாலம் பாதிக்குமேல் இடிந்து, தண்ணீருக்குள் வெறும் தூண்கள் நின்றன. சாயங்கால வெயில். இதைக் காட்டவா அந்த மனுஷன் அத்தனை ஆசைப்பட்டார் என்று அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அப்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. பழக்கதோஷம், பார்க்காமலே அமுக்கிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் டிக்கெட் மெசேஜ் பார்க்க புவனா என் போனை வாங்கினாள். திறந்திருந்த கால் லிஸ்டை என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா, அப்பா எப்பம்மா போன் பண்ணாரு? நாலு நிமிஷம் பேசியிருக்கே?"

சத்தியமாகச் சொல்கிறேன், திரையில் அவர் பெயர்தான், நாங்கள் பாலத்தில் நின்ற அதே நேரம். உடனே திருப்பிப் போட்டோம், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு பெண்குரல் சொன்னது. அந்த சிம்மை உடைத்துக் குப்பையில் போட்டதே நான்தான்.

வேறு யாருக்காவது அந்த நம்பரைக் கொடுத்திருப்பார்கள் என்கிறான் என் தம்பி. இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும். நான் கட் பண்ணத்தான் அமுக்கினேன், எப்படியோ எடுத்துவிட்டிருக்கிறேன். நாலு நிமிஷம் பைக்குள்ளிருந்து அவர் பேசியிருக்கிறார், நான் இடிந்த பாலத்தைப் பார்த்து அழுதுகொண்டு நின்றிருக்கிறேன். திட்டினாரா, வலிக்கிறது என்று சொன்னாரா, அதுகூட எனக்குத் தெரியவில்லை.