தூக்க மருந்திலிருந்து கருப்பசாமி என்னை மீட்டது

குடிகாரன் என்று ஊரே என்னைச் சொன்ன காலம் ஒன்று உண்டு. நான் கள்ளையோ சாராயத்தையோ நாக்கில் வைத்தவன் இல்லை. ஆனாலும் என் நடை தள்ளாடியது. என் பேச்சு குழறியது. அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி அதை எப்படி எனக்குக் காட்டினார் என்பதை, அவரை நம்புகிற உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சோலைமலை. மதுரையிலிருந்து மேலூர் வழியாகக் கொட்டாம்பட்டிக்குப் பஸ் ஓட்டுகிறவன். என் மனைவி அழகம்மாள். அவள் தம்பி பாண்டிதான் என் வண்டிக்குக் கண்டக்டர். இந்த யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் மூத்த மகள் அம்மை கண்டு இறந்துபோனாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் பிள்ளை முகம்தான். மதுரையில் ஒரு டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர். ஒரு மிக்சர் எழுதிக் கொடுத்தார். முதல் நாளே அடித்துப் போட்டதுபோலத் தூங்கினேன். தெய்வமே மருந்தாக வந்தது என்று நினைத்தேன்.

அந்த டாக்டர் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். சீட்டு மட்டும் என்னிடம் இருந்தது. மருந்துக்கடையில் அதைக் காட்டினால் பாட்டிலை நிரப்பித் தருவார்கள். இன்னும் எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு வேளை குடித்தது போதாமல் இரண்டு வேளை ஆனது. இப்படியே மூன்று வருஷம் போய்விட்டது.

மெல்ல மெல்லத்தான் மாற்றம் வந்தது. பழகின பிரயாணியின் பெயர் மறக்கும். மேலூர் தாண்டிவிட்டோமா இல்லையா என்று பாண்டியைக் கேட்பேன். நாக்கு தடித்து, சொல்ல வந்தது பாதியில் நிற்கும். முகமெல்லாம் பருவும் கொப்புளமுமாகக் கிளம்பியது. வயசு ஆகிறது, கவலை வேறு என்று இருந்துவிட்டேன். மருந்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என்னைத் தூங்க வைத்த ஒரே துணை அதுதானே.

ஒரு சந்தை நாள். மேலூருக்கு இந்தப் பக்கம் நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று எதிரே வந்தது. நான் அதைப் பார்த்தேன். பிரேக்கை மிதிக்க வேண்டும் என்றும் தெரிந்தது. கால் மட்டும் நகரவில்லை. பாண்டி பாய்ந்து வந்து கைப்பிரேக்கை இழுத்தான். பஸ் புளியமரத்தை உரசி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு அம்மாவுக்குக் கை ஒடிந்தது. பிள்ளைகள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பஸ்ஸில் வந்த நெல் வியாபாரி சுந்தரம் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "தண்ணியப் போட்டுட்டு இம்புட்டுச் சனத்தையும் கொல்லப் பாத்தியேடா!" என்றார். நான் மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். நாக்கு குழறியது. அதுவே அவருக்குச் சாட்சியாகப் போயிற்று.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சோலை, நான் உன்னை நம்புறேன். ஏறுறவன் நம்பணுமே. கருப்பு வாசல்ல வந்து சத்தியம் பண்ணு. அதுக்கப்புறம் ஒருத்தன் பேச மாட்டான்" என்றார்.

கருப்பு வாசலில் பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைத்தது இல்லை என்பது எங்கள் சீமையில் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பயம் இல்லை. அவர் குடியிருக்கும் மூடிய கதவுக்கு முன்னால், முதலாளியும் சுந்தரமும் பார்த்திருக்க, எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். அதோடு நிற்காமல் மனதுக்குள் ஒரு வேண்டுதலும் வைத்தேன். "ஐயா, நான் குடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அப்படியானால் எனக்கு என்னதான் வந்திருக்கிறது? அதைக் காட்டு. காட்டும்வரை உப்பு சேர்க்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியை முதலாளியிடம் சேர்க்கச் சொல்லிப் பாண்டி கையில் கொடுத்துவிட்டேன். அது யாரும் சொல்லிச் செய்ததில்லை. என்னை நம்பி ஏறுகிறவர்கள் உயிரோடு இறங்க வேண்டும். காரணம் தெரியாமல் ஸ்டீரிங்கைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

உப்பில்லாக் கஞ்சிதான் ஆகாரம். குணமாகும் என்று காத்திருந்தேன். நடந்ததோ நேர்மாறு. எழுந்து நின்றால் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. தட்டில் எறும்பு ஊர்வதாகத் தட்டிவிடுவேன். அங்கே எறும்பே இருக்காது. ஒரு நாள் அழகம்மாளைப் பார்த்து யார் என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. "நான்தாங்க, ஒங்க அழகு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் வேறு மாதிரி பேசியது. பொய்ச் சத்தியம் செய்தான், கருப்பு தண்டித்துவிட்டார் என்றார்கள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அவள் காதுபடவே சொன்னார்கள்.

அன்றுதான் என் நம்பிக்கை ஆடியது. நிஜம் பேசினவனை இந்தச் சாமி ஏன் இப்படி அடிக்கிறார்? அழகம்மாளிடம் அதைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "கேட்டது அவர் வாசல்ல. பதிலும் அங்கதான் கெடைக்கும். ஆடி அமாவாசைக்குப் போறோம். வழியில விழுந்தாலும் தூக்கிட்டுப் போவேன்."

போனோம். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் பாண்டி. கூட்டம் நெரிந்தது. கதவில் அப்பியிருந்த சந்தனம் கண்ணுக்குத் தெரிந்தது. கும்பிடக் கையைத் தூக்கினேன். கால் மடிந்து அப்படியே வாசலில் விழுந்துவிட்டேன்.

"பாத்தியளா, பொய்ச் சத்தியக்காரனச் சாமி சாச்சிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் விலகியது. தொட்டுத் தூக்க ஒருவரும் வரவில்லை.

அப்போது ஒருவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். தம் குழந்தைக்கு முடியிறக்க வந்தவர். அவர் தலையிலும் புது மொட்டை. என் பக்கத்தில் உட்கார்ந்து கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். முகத்துக் கொப்புளங்களைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் டாக்டர். இவர் குடிக்கலை. வாயில சாராய வாடையே இல்லை." அழகம்மாள் பக்கம் திரும்பி, "தூக்கத்துக்கு மருந்து ஏதாவது சாப்பிடுறாராம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா. மூணு வருசமா."

"அதுதான் இவரை இந்தப் பாடு படுத்துது" என்றார் அவர்.

மதுரையில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே என்னைச் சேர்த்துக்கொண்டார். அந்த மிக்சரில் இருந்தது புரோமைடு என்ற சரக்கு. நெடுநாள் சாப்பிட்டால் அது உடம்பில் தங்கித் தங்கி, குடித்தவனைப் போலவும் புத்தி பேதலித்தவனைப் போலவும் ஆளை ஆக்கிவிடுமாம். மருந்தை நிறுத்தி, கண்காணிப்பில் வைத்து, உப்பும் தண்ணீரும் நிறையக் கொடுக்க வேண்டும் என்றார். உப்பு குறைந்தால் மருந்து உடம்பை விட்டுப் போகாதாம். என் விரதத்தால் நோய் முற்றிய காரணம் அப்போதுதான் விளங்கியது.

ஆனாலும் நான் உப்பைத் தொட மறுத்தேன். சாமிக்குக் கொடுத்த வாக்கு. டாக்டர் கோபிக்கவில்லை. அழகம்மாள்தான் கேட்டாள்: "காட்டுறவரைக்கும்னுதானே வேண்டுனீங்க? அவர் வாசல்லயே டாக்டரக் கொண்டாந்து நிறுத்திக் காட்டிட்டாரே. இன்னும் எத எதிர்பாக்குறீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் கேட்ட கேள்விக்குத்தானே அந்த வாசலில் பதில் கிடைத்தது! அவளிடமிருந்து உப்புக் கஞ்சியை வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொன்னால் பொய். மருந்து இல்லாமல் தூக்கம் அறவே போனது. ஒரு வாய் மருந்து கொடுங்கள் என்று கெஞ்சவும் செய்தேன். கொடுக்கவில்லை. "கருப்பா, இன்று ஒரு நாள் தாங்க வை" என்று மட்டும் தினமும் கேட்டேன். ஒரு நாள், ஒரு நாளாகத்தான் தாங்கினேன். வாரங்கள் போகப் போக நாக்கு லேசானது. கொப்புளங்கள் காய்ந்தன. ஒரு மதியம் மகளை நினைத்து வாய்விட்டு அழுதேன். அவள் போனதற்குப் பிறகு நான் அப்படி அழுதது அன்றுதான். அழுத களைப்பில் தானாகவே தூங்கிப்போனேன்.

டாக்டர் சம்மதிக்கும்வரை வண்டியைத் தொடவில்லை. தை பிறந்ததும் வெறும் வண்டியை ஓட்டிக் காட்டினேன். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பிறகு ஆள் ஏற்றச் சொன்னார். சுந்தரம் ஒரு நாள் ஏறினார். "சோலைண்ணே, அன்னைக்குத் தெரியாம பேசிட்டேன்" என்றார். என் முதுகுக்குப் பின் சீட்டில்தான் உட்கார்ந்தார். மேலூர் தாண்டும் முன்பே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். என்னை நம்பி ஒரு மனிதர் தூங்குகிறார் என்பதில் எனக்கு எம்புட்டு நிறைவு!

இப்போது யுத்தத்தால் பெட்ரோல் தட்டுப்பாடு. வண்டிக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் வாயுவில்தான் ஓட்டுகிறோம். சில நாள் தூக்கம் வராது. விழித்திருக்கிறேன், கும்பிடுகிறேன், விடிகிறது. அவ்வளவுதான்.

உங்களில் யாருக்காவது உடம்பில் காரணம் தெரியாத சங்கடம் இருந்தால் கருப்பசாமியிடம் நேராகச் சொல்லுங்கள். என்னவென்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர் யாரை அனுப்பிக் காட்டுவார் என்று நமக்குத் தெரியாது. நெடுநாளாகத் தூக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். நடக்க முடியவில்லையென்றால் யார் தோளையாவது பிடித்துக்கொண்டு அந்த வாசலுக்கு வாருங்கள். நான் அப்படித்தான் போனேன். திரும்பி என் காலால் நடந்து வந்தேன்.