கேட்டேன் என்று சொல்லும்வரை

என்னிடம் இப்போது ஆறு பேட்டரிகள் இருக்கின்றன. ஆறிலும் மின்னேற்றம் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்ப்பேன். மருமகள் சிரிப்பாள். "கரண்டே போகாத வீட்டுல எதுக்கு மாமா இத்தனை?" என்பாள். கரண்டு போகாத வீடு என்று ஒன்று கிடையாது. போகும்வரைதான் போகாது. அவளிடம் இதைச் சொல்வதில்லை. அவளுக்கும் கவலைப்பட வேறு விஷயங்கள் இருக்கின்றன.

எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் புதிய துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓர் உப்புக் கம்பெனியில் எடை எழுதும் குமாஸ்தா. பகலெல்லாம் மூட்டை எண்ணுவது வேலை. எண்ணி முடித்தாலும் எண்ணுவது நிற்காது; வீடு திரும்பும் வழியில் மின்கம்பங்களை எண்ணுவேன். மீதி நேரத்துக்கு அமெச்சூர் ரேடியோ. அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால், அதேபோல் லைசென்ஸ் வைத்திருக்கும் இன்னொருவரோடு வான்வழியே நேராகத் தொடர்பு கொள்ளலாம். நடுவில் தபாலாபீஸ் இல்லை, தந்தியாபீஸ் இல்லை. அவர் வீட்டில் அவர், என் வீட்டில் நான். பேச்சு அல்ல, புள்ளியும் கோடுமாகச் சாவியைத் தட்டுகிற மோர்ஸ்.

அப்படி எனக்குக் கொழும்பில் ஒருவர் பழக்கமானார். கடிகாரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஏழு வருஷப் பழக்கம், முகம் தெரியாது. தமிழரா சிங்களவரா என்று நான் கேட்டதில்லை, அவரும் என் சாதி சமயம் கேட்டதில்லை. சுருக்க ஆங்கிலத்தில் வானிலை, வால்வு, ஏரியல் உயரம், இவைதாம் எங்கள் பேச்சு. மிகவும் ஒழுங்கானவர். எதிர்முனை "கேட்கிறது, அனுப்பு" என்று சொன்ன பிறகுதான் விஷயத்துக்கு வருவார். எதிர்முனையில் ஆள் இருக்கிறானா என்று தெரியாமல் காற்றில் கொட்டுவது அவருக்கு ஆகாது. எனக்கும் ஆகாது. வாங்குகிற கை நீளாமல் கொடுத்தால் பொருள் தரையில்தானே விழும்? இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்ட நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் புயல் வந்தது. ஊரில் பெரிய சேதம் என்று சொல்ல முடியாது. ஆனால் மின்கம்பங்கள் சாய்ந்தன. என் தெருவில் மட்டும் ஒன்பது. கரண்டு எப்போது வரும் என்று மின்சார ஆபீசில் கேட்டால், "நீங்களே சொல்லுங்க சார்" என்றார்கள். வீட்டிலிருந்த பெரிய டிரான்ஸ்மிட்டர் வெறும் இரும்புப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது வீட்டுக்காரி அன்று வாசலில் வந்து நின்றாள். அவள் கணவர் தோணியில் தண்டல். கப்பலுக்குக் காப்டன் மாதிரி, தோணிக்குத் தண்டல். இங்கிருந்து வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்பு போன தோணி, இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. தோணிகளில் ரேடியோ எதுவும் கிடையாது. தோணி முதலாளியிடம் விவரம் இல்லை. தந்திக் கம்பியும் அறுந்து கிடந்தது.

"அண்ணாச்சி, உங்க மிசினு கொழும்புக்குப் பேசுமாம்லா?"

"பேசாது. தட்டும்."

"தட்டட்டும். தட்டிக் கேளுங்க. தோணி அங்கனயே கெடக்கா, கெளம்பிருச்சான்னு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். கெடந்தா ஆளு உசுரோட இருக்காவ. கெளம்பிருந்தா..."

லைசென்ஸில் பிறருடைய செய்தியைச் சுமக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை நினைத்து ஒரு மணி நேரம் உழன்றேன். கடைசியில் என் சொந்த விஷயமாகக் கேட்பது என்று முடிவு செய்தேன். கைக்கடக்கமான சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்று நானே செய்து வைத்திருந்தேன். சோப்புப் பெட்டி அளவு, பேட்டரியில் ஓடும். அதன் சக்தி ஒரு சைக்கிள் விளக்கின் சக்திதான். உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்கும் இடத்துக்கு எடுத்துப் போனால், உப்புத் தண்ணீருக்கு மேல் சிக்னல் வழுக்கிக்கொண்டு போகும் என்று ஒரு நம்பிக்கை.

மறுநாள் காலை சைக்கிள் கேரியரில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, கைப்பிடியில் டார்ச் செல்லில் ஓடும் ரிசீவர், தோளில் கம்பிச் சுருள். ஏரியலைத் தூக்கிக் கட்டக் கம்பு இல்லையே என்று கவலைப்பட்டபோது அவள் வீட்டுக்குள் போய், ஆழம் குறைந்த இடத்தில் தோணியைத் தள்ளும் நீளமான மூங்கில் கம்பு ஒன்றைத் தூக்கி வந்தாள். அவள் கணவருடையது. புதுக் கம்பு வாங்கியதால் இதை விட்டுவிட்டுப் போயிருந்தாராம்.

கம்பை நட்டுக் கட்டினோம். தரைக் கம்பியை ஈரமணலில் புதைக்கையில் பழைய முத்துச்சிப்பி ஓடு ஒன்று என் விரலைக் கிழித்தது. ஏரியலுக்குப் போகும் கம்பியில் ஒரு டார்ச் பல்பு வைத்திருந்தேன். சாவியை அழுத்தினால் எரியும். சக்தி வெளியே போகிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வது.

அழைக்க ஆரம்பிக்கவும் சுங்கக் காவலர் ஒருவர் சைக்கிளில் வரவும் சரியாக இருந்தது.

"என்ன அண்ணாச்சி, கம்பு நட்டு வெளையாடுதிய? கடத்தலுக்குச் சிக்னலா?"

"லைசென்ஸ் இருக்கு." சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். டிபன் பையில் இன்னொரு நகலும் இருந்தது.

"லைசென்ஸ் வாங்கிட்டா கடத்துதிய? நல்ல ஊருய்யா இது."

அவள் எழுந்து நின்றாள். "எங்க வீட்டு ஆளத் தேடுதோம். ஒமக்கு வேணும்னா அங்கன போயி தங்கத்தத் தேடும்."

காவலர் அவளைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டார். "சரி, தட்டுங்க. அப்படியே கொழும்புல சோப்பு என்ன வெலைன்னு கேட்டுருங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கொழும்பு கிடைத்தது. அங்கேயும் இரைச்சல். தோணியின் பெயர் ஒரு புனிதையின் பெயர், பதினேழு எழுத்து. நாலு தடவை திருப்பி அனுப்பினேன். என் சகோதரர் அதில் இருக்கிறார், துறைமுகத்தில் கிடக்கிறதா, கிளம்பிவிட்டதா என்று கேட்டேன். அவர் முழுவதையும் எழுத்து எழுத்தாக எனக்கே திருப்பி அனுப்பிச் சரிபார்த்தார். துறைமுகத்துக்கு நேரில் போய் விசாரிப்பதாகவும், நாளை இதே நேரம் இதே அலைவரிசையில் வருவதாகவும் சொன்னார்.

"என்ன சொன்னிய?" என்று கேட்டாள்.

"என் சகோதரன்னு சொன்னேன். தம்பின்னு வச்சுக்கோ."

"தம்பியா? அவியளுக்கு ஒங்கள விட ரெண்டு வயசு கூட அண்ணாச்சி." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த நாட்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் பேட்டரியில் மீட்டர் வைத்தேன். பதினேழு எழுத்தை நாலு தடவை அனுப்பியது அதைக் குடித்திருந்தது. மின்னேற்றும் கடைக்கும் கரண்டு இல்லை. இரண்டு லாரி ஷெட்டுகளில் போய்க் கேட்டேன். லாரியை நிறுத்திவிட்டுப் பேட்டரியைக் கழற்றித் தர யாருக்கும் மனசில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் அதே இடம், அதே கம்பு. காவலரும் வந்துவிட்டார். ஹெட்போனை ஒரு தகர டப்பாவுக்குள் வைத்தேன், அவர்களுக்கும் சத்தம் கேட்கட்டும் என்று. சொன்ன நேரத்துக்குக் கொழும்பு என்னை அழைத்தது. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. பதில் தட்டினேன். பல்பு எரிந்தது, ஆனால் சிவப்பாக, அணையப்போகிற பீடி மாதிரி.

அவர் மறுபடி அழைத்தார். மறுபடி பதில் சொன்னேன். அவர் திரும்ப அழைத்தார். அப்போதுதான் புரிந்தது. அவரை நான் கேட்கிறேன். என்னை அவர் கேட்கவில்லை.

பிறகு அவர் இப்படி அனுப்பினார்: உங்களைக் கேட்க முடியவில்லை. செய்தி என்னிடம் இருக்கிறது. கேட்டால் அழையுங்கள்.

"என்ன சொல்லுதாவ?" என்றாள்.

"செய்தி இருக்காம்."

"என்ன செய்தி?"

"அதைச் சொல்லலை. நான் கேக்குறேன்னு அவருக்குத் தெரிஞ்சாத்தான் சொல்லுவாரு."

"நீங்க கேக்கியள்லா?"

"கேக்குறேன். அது அவருக்குத் தெரியலை."

அவள் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "செய்தியக் கையில வச்சிக்கிட்டா கூப்புட்டுக்கிட்டே இருக்காவ? சொல்லிர வேண்டியதுதான?"

எங்கள் ஒழுங்கை அவளுக்கு விளக்க முயன்றேன். வாங்கும் கை, தரையில் விழும் பொருள், எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது கேவலமாக இருந்தது. இதற்கிடையில் கொழும்பு அழைத்துக்கொண்டே இருந்தது. என் அழைப்புக்குறி, அவர் அழைப்புக்குறி, பிறகு அந்த வாக்கியம்: செய்தி என்னிடம் இருக்கிறது. பதினோரு தடவை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் பதில் தட்டினேன். ஐந்தாவது தடவைக்கு மேல் பல்பு எரியவே இல்லை.

காவலர் திடீரென்று எழுந்தார். "எங்க ஆபீஸ் ஜீப்பு ஓடாமக் கெடக்கு. அதுல பேட்டரி உண்டும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். அந்த மனிதரின் பெயர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கொழும்பு நின்றது. மூடுகிறேன் என்று முறைப்படி சொல்லிவிட்டே நின்றது.

காவலர் வேர்க்க விறுவிறுக்கப் பேட்டரியோடு வந்தார். மாட்டினேன். சாவியை அழுத்தியதும் பல்பு வெள்ளையாக எரிந்தது. "எரியுது, எரியுது" என்று அவர் சத்தம் போட்டார். வெயில் உச்சிக்கு வரும்வரை அழைத்தேன். எதிர்முனையில் இரைச்சல் மட்டும். அடுத்த இரண்டு நாளும் போய் அழைத்தோம். ஒன்றுமில்லை. அவருடைய டிரான்ஸ்மிட்டரில் வால்வு எரிந்துபோனது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கடைசி நாள் கம்பியைச் சுருட்டும்போது அவள் சொன்னாள், "நல்ல செய்தின்னா சொல்லிருப்பாவ அண்ணாச்சி."

"அப்படி இல்லம்மா. அது எங்க வழக்கம். நல்லதோ கெட்டதோ..."

"நல்ல செய்திய யாரும் பொத்தி வைக்க மாட்டாவ. கேட்டாலும் கேக்காட்டாலும் கத்திருப்பாவ. அவிய கெளம்பிட்டாவ." இதை அவள் அழாமல் சொன்னாள். காவலர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கரண்டு வந்தது. கொழும்புக்காரருக்கும் புது வால்வு கிடைத்து, கார்த்திகை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலிருந்தே அவரைப் பிடித்தேன். சுருக்கமாகச் சொன்னார். புயலுக்கு முந்தின நாள் தோணி கிளம்பிவிட்டது. உங்கள் சகோதரருக்காக வருந்துகிறேன்.

போய் அவளிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "அது அன்னைக்கே தெரியும்லா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. தோணி அங்கனயே கெடந்திருந்தா அன்னைக்குச் சொல்லிருப்பாவளா?" என்றாள்.

எதற்கு அது அவளுக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது. சொல்லியிருக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் எங்கள் ஒழுங்கு ஒழுங்காகவே இருக்கும். அவள் அந்த நாட்களைத் தப்பான காரணத்துக்காக நம்பிக்கை இல்லாமல் கழித்ததாக ஆகும். சொல்லியிருப்பேன் என்றால், ஏழு வருஷம் தட்டித் தட்டி நான் தெரிந்துகொண்ட மனிதர் வேறு, தகர டப்பாவில் ஒரு காலை மட்டும் கேட்டு அவள் தெரிந்துகொண்ட மனிதர் வேறு.

அடுத்த ஞாயிறு கேட்டேன். புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி, புள்ளி என்று வந்தது. காத்திரு என்பதற்கு எங்கள் குறி அது. யாராவது கதவைத் தட்டினால், பால் பொங்கினால் அதைத் தட்டிவிட்டு எழுந்து போவோம். காத்திருந்தேன். வெளிநாட்டு வானொலி நிலையம் ஒன்று அந்த அலைவரிசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பாட்டுப் போட ஆரம்பித்தது. அதற்கு அடியில் அவர் எதுவும் அனுப்பினாரா என்று தெரியாது. அடுத்த தடவை பேசினோம். ஏரியல் உயரத்தைப் பற்றிப் பேசினோம். அவர் அந்தக் கேள்வியை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பிறகு ஒரு வருஷம், இரண்டு வருஷம், அப்புறம் அவர் வரவே இல்லை.

அவள் கேட்டபோது, "காத்திருக்கச் சொல்லிருக்காரு" என்றேன்.

"சரி" என்றாள். அப்புறம் கேட்கவில்லை.

கம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "எனக்கு எதுக்கு? அங்கனயே கெடக்கட்டும்" என்றாள். அது இப்போதும் என் வீட்டுப் பின்வாசல் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. அடிப்பக்கம் சேற்றில் ஊன்றி ஊன்றிக் கறுத்துப்போன அளவு மூன்று முழம். மேலே நான் ஏரியல் கட்டிய இடத்தில் கம்பி அறுத்த தடம். அதில் இப்போது ஏரியல் இல்லை. பேட்டரிகளை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.