தூசுக்கு வெல்லம்

ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் ரிக் வண்டியின் டூல் பெட்டியில் ஸ்பேனர்களோடு ஒரு வெல்லப் பொட்டலமும் எப்போதும் இருக்கும். போர் போட்டு முடித்ததும் ஆளுக்கு ஒரு துண்டு. தொண்டையில் படிந்த கல்தூசை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வைத்திருப்பவர்களின் நம்பிக்கை. அதில் கஞ்சத்தனம் பார்க்காத முதலாளி என்று எனக்குப் பெயரே உண்டு. ஒருநாள் சாப்பிடும்போது அக்காவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அக்கா நுரையீரல் மருத்துவர். சேலத்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். சோற்றைப் பிசைந்தபடியே, "வெல்லம் வயித்துக்குப் போவுது, தூசு நெஞ்சுக்குப் போவுது. ரெண்டும் எங்கடா பாத்துக்குது?" என்றாள். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

வெளியூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு அவள் சேலத்துக்குத் திரும்பியபோது, படித்தும் பிழைக்கத் தெரியவில்லையே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். வந்த இடத்தில் அவளை ஒரு விஷயம் உறுத்தியது. வென்டிலேட்டரில் படுத்திருந்த சில இளவட்டங்கள் திரும்பத் திரும்பக் காசநோய் மாத்திரை சாப்பிட்டவர்கள். ஆனால் அவர்கள் சளியில் கிருமி ஒருமுறையும் அகப்படவில்லை. என்ன வேலை என்று கேட்டால், கூட இருப்பவர்கள் "கூலிங்க" என்பார்கள். என்ன கூலி, எங்கே கூலி என்று அக்கா விடாமல் குடைவாள். அப்படித்தான் அவர்கள் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர்கள் என்பது வெளியே வந்தது. அதன்பிறகு அவளுடைய ஆராய்ச்சி முழுக்க அதுதான். மூச்சு நின்றுபோகிற நிலையில் வருபவர்களுக்குச் செய்ய முடிவது கொஞ்சம்; நன்றாக நடமாடும்போதே எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பாள். ரிக் முதலாளிகளிடம் போனாள். மோர் கொடுத்து மரியாதையாக உட்கார வைத்தார்கள்; ஓர் ஆளையும் அனுப்பவில்லை. படத்தில் ஏதாவது தெரிந்தால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். கடைசியில் என்னிடம் வந்தாள். "உன்ற ஆளுங்களையாச்சும் அனுப்புடா சாமி" என்றாள். அக்கா கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

என் ஆட்களும் மசியவில்லை. லீவரைப் பிடித்துத் துளை போடுகிற டிரில்லர் அண்ணன் சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள். அப்பா காலத்திலிருந்து எங்களிடம் இருப்பவர். தண்ணீர் தட்டுகிறவரை மேலே வரும் வெள்ளைத் தூசு முதலில் அவர் முகத்தில்தான் அடிக்கும். "நல்லா இருக்கறவன எதுக்குங்க ஆஸ்பத்திரிக்குக் கூப்புடறீங்க? போனா ஏதாச்சும் ஒண்ணு சொல்லாம உட மாட்டாங்க" என்றார். சரி, முதலில் நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் கூட வந்து பாருங்கள் என்றேன். முதலாளி ஆவதற்கு முன் நானும் கொஞ்ச காலம் லீவர் பிடித்து நின்றவன்தான். இருமல்கூடக் கிடையாது. கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏக்கா, எத்தன அடியில தண்ணி?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நுரையீரலின் மேல்பக்கம் ரவையை இறைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். "இது கல்தூசுடா. உள்ள போனது போனதுதான், எடுக்க முடியாது. இனிமே தூசுல நிக்காத. பெருசாவாம இருக்கலாம், ஆவவும் செய்யலாம்" என்றாள். எல்லா நோயாளிகளிடமும் பேசுகிற அதே குரல். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை விடவேயில்லை. எனக்குப் பயமாக இருந்தது. என் பிள்ளைகளின் முகம்தான் முதலில் வந்தது.

இப்போது எங்கள் வண்டியில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசை அடக்கித்தான் துளை போடுகிறோம். நான் அதன் பக்கத்தில் நிற்பதில்லை. மற்ற முதலாளிகளும் ஒவ்வொருவராக ஆட்களை அனுப்புகிறார்கள். அக்காவின் படிப்புக்கு மரியாதை என்று ஊரில் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அன்று கதவோரம் நின்ற டிரில்லர் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து என் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

"தம்பி கொஞ்ச நாள்தான் நின்னாருங்க, டாக்டரம்மா. நான் இன்னும் அங்கயேதான் நிக்கறனுங்க."