மரியநாயகம் அண்ணை கேட்ட கேள்வி

கோயிலில் துக்க மணி அடித்ததாம். எனக்குக் கேட்கவில்லை. மனைவி வந்து தோளைத் தொட்டு, காதோடு வாய் வைத்துச் சொன்ன பிறகுதான் மரியநாயகம் அண்ணை போய்விட்டார் என்று தெரிந்தது. செத்தவீட்டில் நான் அப்படி அழுததைப் பார்த்து, "உனக்கு அவர் என்ன முறை?" என்று சிலர் கேட்டீர்கள். அதற்குப் பதிலை, அவர் கையால் எழுந்து நடந்த எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

எலும்பு முறிவு நெரிவு பார்ப்பதில் துறைமுகப் பக்கத்தில் அவருக்கு ஈடாக ஒருவரும் இருக்கவில்லை. சீனன்குடாவில் ஏணியால் விழுந்தவரும், இலங்கைத்துறையில் தோணி தள்ளிக் கால் பிசகியவரும் அவருடைய விறாந்தையில்தான் காத்திருப்பார்கள். கழுத்தைத் திருப்ப அவரிடம் ஒரு தந்திரம் இருந்தது. ஆளைக் கதிரையில் இருத்தி, எண்ணெய் தடவி, "மத்தியானம் என்ன கறி?" என்று கேட்பார். ஆள் கறியை யோசிக்கிற நேரத்தில் கழுத்து டக்கென்று திரும்பியிருக்கும். "சீலா மீனோ? அப்ப சுகம் வந்திடும்" என்று சிரிப்பார்.

வெள்ளைக்காரர் கப்பல்களோடு போன பிறகு, இரும்புப் படகுகளைப் பழுதுபார்க்கிற ஒரு பட்டறையில் நானும் தர்மலிங்கமும் வேலை செய்தோம். படகின் வயிற்றுக்குள் இறங்கிச் சுத்தியலால் துருத் தட்டுகிற வேலை. உள்ளே ஆள் கத்தினாலும் கேட்காது. ஆகவே எங்கள் கதையெல்லாம் விரலில்தான். சுத்தியல் மாற்ற இரண்டு விரல், தேத்தண்ணிக்கு ஐந்து விரல். தர்மலிங்கம் திரியாய்க்காரன், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஒருநாள் வெளியே வந்ததும், "தலைக்குள்ள ஒரு வண்டு இருந்து இரையுது மச்சான். வீட்டை போனாலும் நிக்குதில்லை" என்றான். வருடாந்தச் சோதனை நெருங்கியிருந்தது. காது மந்தமென்று கண்டால் முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவார். அவனை மரியநாயகம் அண்ணையிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணை ஒரு மாதம் பாடுபட்டார். பிடரியில், மண்டையோடு முடிகிற இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்துவார். சூடு காட்டிய எண்ணெய் தடவிக் கழுத்தைத் திருப்புவார். முதல்நாளே அவனிடம் சொல்லிவிட்டார்: "கழுத்து நரம்பு இறுகிக் கிடக்கு. இளக்கிப் பாக்கிறன். ஆனா காது திறக்குமட்டும் சங்கிலிக்குக் கீழ நிக்கப்படாது, விளங்கிச்சோ?" பட்டறையில் இரும்புத் தகடுகளைச் சங்கிலியில் தொங்கவிட்டுத்தான் இறக்குவார்கள். தர்மலிங்கம் சொல்வழி கேட்டு, அந்தப் பக்கம் போகாமலே வேலை செய்தான்.

சோதனை நாளில் டாக்குத்தர் முதுகுப்பக்கம் நின்று மெல்லிய குரலில் இலக்கம் சொல்வார். அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அடுத்தது என் முறை என்பதால் அவனுக்கு எதிரே கிடந்த வாங்கில் நான் இருந்தேன். அப்போது என் காது நல்ல காது. டாக்குத்தர் "ஏழு" என்றார். தர்மலிங்கம் என் முகத்தைப் பார்த்தான். டாக்குத்தருக்கு அவன் உடம்பு மறைக்க, நான் முழங்காலில் ஏழு விரலை வைத்தேன். "ஏழு" என்றான். அப்படியே பத்து இலக்கமும் சரியாகச் சொன்னான்.

அன்று பின்னேரமே ஒரு கோழியோடு அண்ணை வீட்டுக்குப் போனோம். வழியில் தர்மலிங்கம், "மனுசன் இவ்வளவு பாடுபட்டது. சுகமெண்டே சொல்லுவம்" என்றான். நானும் ஓம் என்றேன். அண்ணைக்குப் பிடிபடாத சந்தோசம். "பத்தும் சரியோ? அப்ப காது திறந்திட்டுது. இனி எங்கயும் நிண்டு வேலை செய், பயமில்லை" என்றார்.

அதிலிருந்து மூன்றாவது வாரம் சங்கிலி வழுக்கியது. தர்மலிங்கம் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நாங்கள் எல்லோரும் கத்தினோம். விரலைக் காட்ட அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

திரியாயில் செத்தவீட்டு முற்றத்தில் அவன் மனைவி அண்ணையின் கையைப் பிடித்து, "உங்கட கையாலதானே சுகம் வந்தது எண்டவர்" என்று அழுதாள். அவள் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு காதிரைச்சலுக்கென்று வந்த எவரையும் அவர் தொடவில்லை. சில வருடங்களில் அந்த வண்டு எனக்குள்ளும் வந்தது. நானும் போய்க் கதிரையில் இருந்தேன். "முறிவெண்டா வாரும், நெரிவெண்டா வாரும். காது எனக்கு ஏலாது" என்று எழுப்பிவிட்டார். கறியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஆனால் காணும்போதெல்லாம் ஒன்றைக் கேட்பார்: "பத்து இலக்கமும் சரியாச் சொன்னவன். பிறகு எப்பிடிக் கேக்காமப் போனது? நான் எங்க பிழை விட்டனான்?" ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினேன். பயம்தான். வேறு காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் படுக்கையில் கண்டேன். கையைப் பிடித்துக் கிட்ட இழுத்து, அதே கேள்வியைக் கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திராது. நான் என் காதைத் தொட்டுக் காட்டி, "கேக்கேல்லை அண்ணை" என்றேன். அவர் என் தலையைத் தடவி, "பாவம்" என்றார்.

அவர் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. இந்த இரைச்சலுக்குள்ளும் அந்தக் குரல் இன்னும் கேட்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். கடைசிவரை அவர் தன் கையையே சந்தேகப்பட்டார். பிழை அவருடைய கையில் இல்லை. முழங்காலில் ஏழு விரலை வைத்தவன் நான்.