பெயிண்ட் வாளியில் ஒரு ஹைட்ரேஞ்சியா

எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் அத்தையின் பெயர் அம்மாவின் தங்கையான என் சித்தியின் பெயருக்குக் கீழே அச்சாகிவிட்டது. அப்பாவுக்கு அத்தை ஒரே அக்கா. அச்சகத்தில் நேர்ந்த பிழை என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் அத்தை நம்பவில்லை. அம்மா சொல்லித்தான் அப்படிப் போட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். அம்மாவும் அத்தையும் மூன்று வருடம் பேசிக்கொள்ளவில்லை.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம், ஆனி மாதக் கடைசியில், அத்தையின் கணவரான மாமாவே ஃபோன் செய்து எங்களைக் காரமடைக்கு அழைத்தார். அப்பாவுக்கு அன்று மில்லில் ஷிப்ட். அம்மாவும் நானும் மட்டும் பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறினோம். “அங்க போயி எதையும் தொட்டுப்போடாதே கண்ணு” என்று அம்மா வழியில் மூன்று முறை சொன்னாள். தன் கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டே வந்தாள்.

அத்தையும் மாமாவும் கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். வரும்போது கட்டில் பீரோவோடு குளிரில் கொத்தாகப் பூக்கும் ஒரு ஹைட்ரேஞ்சியாச் செடியையும் தொட்டியோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார் அத்தை. காரமடை வெயிலுக்கு அது ஒரு வாரம் தாங்காது என்றார்கள் எல்லோரும். அத்தை அதை வீட்டின் வடக்குப் பக்கம், மாமரத்து நிழலில் வைத்து, மேலே பச்சை வலையும் கட்டினார். மலையிலிருந்து சாக்கில் மண் தருவித்தார். டீச்சக்கையை உலர்த்திப் போட்டார். போர் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அதன்மேல் படக் கூடாது. ஆற்றுத் தண்ணீர் மட்டும்தான். தினமும் காலையில் ஊற்றுவது மாமாவின் வேலை.

நாங்கள் போன அன்று அதில், காரமடைக்கு வந்தபின் முதன்முதலாக, ஒரு மொட்டுக் கொத்து வந்திருந்தது. பச்சை மிளகுகளைச் சேர்த்துக் கட்டியதுபோல. அத்தை எங்களை நேராக அங்கேதான் கூட்டிப்போனார். அவரும் அம்மாவும் வேறு எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாமல் செடியைப் பற்றியே பேசினார்கள்.

“பூத்தா நீலமா, இத்தாப் பெருசு இருக்கும் அம்மணி” என்று அத்தை இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினார். “கொம்பை வெட்டி ஈர மணல்ல சொருகி நெழல்ல வெச்சாப் போதும், வேர் உட்டுப்போடும். ஒரு கொம்பு தாரேன், வெச்சுக்கறீங்களா?”

“பூத்து முடியட்டுமுங்க நங்கை” என்றாள் அம்மா. நாத்தனாரை அவள் அப்படிக் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தபோது நான் மட்டும் மொட்டைப் பார்க்கப் போனேன். தொடவே கூடாது என்றுதான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். தரையில் பாசி. கால் வழுக்கியது. விழாமலிருக்க எதையோ பிடித்தேன். படக்கென்று ஒரு சத்தம். மொட்டோடு அந்தக் கொம்பு என் கையில் இருந்தது.

உள்ளே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் வெகுநாளாகக் கேட்டதில்லை. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. வாசலில் சாத்தியிருந்த எங்கள் நீளக் குடைக்குள் கொம்பைச் செருகி, பட்டனை மாட்டிவிட்டேன். வேர் விட்டதும் கொண்டுவந்து அதே தொட்டியில் நட்டுவிடலாம் என்பது என் திட்டம்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாரல் பிடித்துக்கொண்டது.

“கொடையை விரி கண்ணு.”

“வேண்டாம்மா. நனையலாம்.”

“காச்சல் வந்தா யாரு பாக்கறது? கொண்டா இங்கே.”

நான் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். அம்மா நனைந்துகொண்டே, திட்டிக்கொண்டே, பின்னால் வந்தாள்.

மறுநாள் காலை அப்பாவுக்கு அத்தையின் ஃபோன். எதிர்முனையின் குரல் சமையலறை வரை கேட்டது. “தம்பி, உங்க மாமன் பண்ணுன வேலையைப் பாரு. தண்ணி ஓஸ் குழாயை இழுத்து மொட்டுக் கொம்பை ஒடிச்சுப்போட்டாரு. கொம்பைக்கூடக் காணோம், எங்கியோ எறிஞ்சுப்போட்டாரு. கேட்டா நெனப்பே இல்லைங்கறாரு!” பின்னாலிருந்து மாமா மெதுவாக, “நானாத்தான் இருக்குமுங்க” என்பதும் கேட்டது. அவர் உண்மையாகவே அப்படி நம்பிவிட்டார். அன்றோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அதன்பின் வீட்டுக்கு வந்தபோதெல்லாம், “உங்கத்தை என்னைய அந்தப் பக்கமே உடறதில்ல கண்ணு” என்று சிரிப்பார். எனக்குச் சோறு இறங்காது.

காலி பெயிண்ட் வாளி ஒன்றில் ஓட்டை போட்டு, வீடு கட்டி மிஞ்சிய மணலை நிரப்பி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கொம்பை நட்டிருந்தேன். துவைக்கிற குழாயின் போர் தண்ணீரைத்தான் ஊற்றினேன். வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தேன். மொட்டு கருகி விழுந்தது. இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. என் பழியைச் சுமந்த மாமாவையே கொன்றுவிட்டதுபோல் இருந்தது எனக்கு. பரீட்சை வந்து பத்து நாள் பிடுங்கிப் பார்க்க மறந்தபோதுதான் அது துளிர்த்தது.

“அதென்ன குச்சி?” என்று ஒருநாள் அப்பா கேட்டார்.

“செம்பருத்தியோ என்னவோ, இருந்துட்டுப் போகட்டும் உடுங்க” என்றாள் அம்மா. சித்திரை வெயிலில் ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது வாளி சுவரோரம் நிழலுக்கு நகர்ந்திருந்தது. மணலுக்குப் பதில் மண் போட்டிருந்தது. அப்பாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் அதில் மொட்டு வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. ஆடி நோம்பிப் பண்டிகைக்கு அத்தையும் மாமாவும் வருவதாக இருந்தது. கிள்ளி எறிந்துவிடலாம் என்று இரண்டு முறை விரலை வைத்தேன், முடியவில்லை. மொட்டு விரிந்தது. ஆனால் நீலமாக இல்லை. நல்ல ரோஸ் நிறம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நோம்பியன்று அத்தை கால் கழுவப் பின்பக்கம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அவர் செடியின் முன்னால் நின்றிருந்தார். குனிந்து இலைகளை விலக்கி, அடித்தண்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கொம்பு கிழிந்து ஒடிந்த தழும்பு அங்கே இன்னும் இருந்தது. காபி டம்ளரோடு வந்த அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

“எங்கூட்டுது நீலமுங்க” என்றார் அத்தை, நிமிர்ந்து. “இது ரோஸு. இது வேற ரகம்.”

அம்மா டம்ளரை நீட்டிக்கொண்டே, “ஆமாங்க நங்கை. வேற ரகம்தானுங்க” என்றாள்.

அத்தை காபியை வாங்கிக் குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது ஸ்கூட்டரில் ஏறியபடி மாமாவிடம், “நாளையிலிருந்து நீங்களே தண்ணி ஊத்துங்க” என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது.

தப்பித்துவிட்டேன் என்று அன்று குதித்தேன். இத்தனை வருடம் வளர்த்தும் தன் செடியையே அத்தைக்கு அடையாளம் தெரியவில்லையே என்று கொஞ்சம் இளக்காரமாகவும் நினைத்தேன்.

போன வருடம் என் ஃப்ளாட் பால்கனிக்கு ஒரு ஹைட்ரேஞ்சியா வாங்கப் போனேன். “புளிப்பு மண்ணுல நீலமாப் பூக்குமுங்க. போர்ல வர்ற உப்புத் தண்ணி ஊத்துனீங்கன்னா அதே செடி ரோஸாப் பூக்கும்” என்றார் நர்சரிக்காரர். தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். டீச்சக்கை போட்டு, போர் தண்ணீர் படாமல் காத்த அத்தைக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

அந்த ஆடி நோம்பியன்று ‘வேற ரகம்’ என்று சொல்லிக்கொண்டபோது, செடியருகில் நின்ற அத்தையும் கதவருகில் நின்ற அம்மாவும் பூவைப் பார்க்கவே இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.