வாழைக்கடியில் விட்ட புழுக்கள்

பக்கிரிசாமி மண்புழுவுக்கு இரக்கப்பட்டவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோலாலம்பூரில் ஒரு துரையின் பரிசோதனைக்கூடத்தில் பியூனாக இருந்தவன் அவன். வாரம் ஒருநாள் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் டின் நிறைய ஈர மண்ணும் புழுவுமாகத் திரும்புவான். மறுநாள் கூடத்தை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் வாய்க்கால் ஓரம் தோண்டுவான். "இந்தக் கைக்குப் பொண்டாட்டி எப்படித்தான் சோறு போடுறாளோ!" என்று ரயில்வே ஆட்கள் கேலி செய்வார்கள்.

துரைக்கு வேண்டியது புழு அல்ல, அதன் குடலுக்குள் நீந்திக்கொண்டிருந்த உயிர். ஒரே ஒரு செல்தான் அதன் உடம்பு, வாய் கிடையாது. ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பக்கிரிசாமிக்கும் காட்டினார். அதன் முன்னோர் தண்ணீரில் திரிந்த காலத்தில் வாய் இருந்ததாம். குடலுக்குள் குடியேறியபின் சுற்றிலும் ஆகாரம். தோலாலேயே உறிஞ்சி உறிஞ்சி, காலப்போக்கில் வாய் தூர்ந்துபோயிற்றாம். இதையெல்லாம் துரை மலாய் பாஷையில் விளக்கினார். "வாயை வெச்சுக்கிட்டு நாம மட்டும் என்னத்தச் சாதிச்சோம்" என்று நினைத்துக்கொண்டான் பக்கிரிசாமி.

கிள்ளான் புழுவும் பிரிக்ஃபீல்ட்ஸ் புழுவும் பார்வைக்கு ஒன்றேதான். ஆனால் கிள்ளான் புழுவின் குடலில் இருந்த உயிருக்கு முன்புறம் ஒரு கொக்கி இருந்தது. இந்தப் பக்கத்து உயிருக்கு இல்லை. இரண்டு ஊர் மண்ணும் வெகுகாலம் பிரிந்து கிடந்ததால் ஒரே உயிர் இரண்டு விதமாக மாறிவிட்டது என்று உலகத்துக்கு நிரூபிக்க வேண்டும், அதுதான் துரையின் ஆசை. அதனால் ஒரு கண்டிப்பு: ஆராய்ச்சிக்கு எடுத்தது போக மிஞ்சிய கிள்ளான் புழுவில் ஒன்றுகூட இங்கே தரையில் விழக்கூடாது. சாயங்காலம் கொதிதண்ணீர் ஊற்றிக் கொன்றுவிட வேண்டும். பக்கிரிசாமி ஊற்றிக்கொண்டுதான் இருந்தான்.

1927 மார்கழியில் அவன் மனைவி வீரம்மா ரத்தமாக இருமத் தொடங்கினாள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு அவன் விரதம் இருந்தான். விரதத்தில் உயிர்க்கொலை ஆகாது. துரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி மனுஷனுக்கு அந்தத் துணிச்சல் ஏது? துரை ஜன்னல் வழியே பார்க்கும்படி கொதிதண்ணீரை வாய்க்காலில் கொட்டி ஆவி பறக்கவிட்டான். புழுக்களைக் கொண்டுபோய்ப் பின்கட்டு வாழைக்கடியில் விட்டான். மண்ணுக்குள் போன புழுவை யார் கண்டார்கள்?

சித்திரையில் துரை கண்டார். கைக்கெட்டிய மண் என்று வாழைக்கடியில் எடுத்த புழுவை அறுத்தவர், மைக்ராஸ்கோப்பை விட்டு எழவேயில்லை. கொக்கி இருந்தது. இன்னொரு புழுவிலும் இருந்தது. "மூன்று வருஷம் வீண்" என்றார் துரை. "இரண்டு விதமும் முதலிலிருந்தே இங்கேயே இருந்திருக்கிறது. நான் எழுதியதெல்லாம் தப்பு."

உண்மையைச் சொன்னால் துரையின் உழைப்பு பிழைக்கும். ஆனால் வேலை போகும், வேலையோடு குடியிருந்த அறையும் போகும். படுக்கையில் கிடப்பவளைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பது? பக்கிரிசாமி தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"ரெண்டு நாளா உங்களுக்குச் சோறு எறங்கலையே, என்னங்க?" என்றாள் வீரம்மா. அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் வெகுநேரம் இருமினாள்.

"சொல்லத்தான் வேணும்" என்றாள். "நான் கண்ண மூடினப்புறம் சொல்லுங்க. ரொம்ப நாள் ஆவாது."

அடுத்த வாரம் துரை கண்ணாடித் தகடுகளையெல்லாம் கழுவி வைக்கச் சொன்னார். மூன்று வருஷத்து ஆராய்ச்சி முழுக்க அவற்றில்தான் ஒட்டியிருந்தது. பக்கிரிசாமி சோப்புப் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினான். அந்த நேரத்தில் அவன் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் கை நிற்கவில்லை.

வீரம்மா ஆடியில் போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடித்த கையோடு மொட்டைத் தலையுடன் துரை முன்னால் போய் நின்றான். துரை ஊருக்குக் கப்பலேறப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். விரதம், வாழைக்கடி, கிள்ளான் புழு, எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தான். வேலையை விட்டுத் துரத்தட்டும், அடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

துரை அவன் தோளில் கைவைத்தார். "வேண்டாம் பக்கிரி. ஒவ்வொரு தடவையும் ஆவி பறந்ததை நானே பார்த்தேனே" என்றார். பக்கிரிசாமி அவர் காலில் விழுந்து சத்தியம் செய்தான். துரையின் கண்தான் கலங்கியது.

கப்பலேறும் நாளில் அவர் ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்துப் போனார். பக்கிரிசாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான தலைமைக் கிராணி சபாபதி படித்துத் தமிழில் சொன்னார்.

"'மூன்று வருஷத்தில் இவன் என்னிடம் ஒரே ஒரு பொய்தான் சொன்னான். தன் மனைவியை இழந்த துக்கத்திலும், என் மனசைத் தேற்றுவதற்காக அதைச் சொன்னான்.' குடுத்து வெச்சவன்யா நீ! எந்தத் துரை இப்படி எழுதித் தருவான்?"

பக்கிரிசாமி வாய்விட்டு அழுதான். துரையைப் பிரிந்த துக்கம் என்று சபாபதி அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார்.