மலையைச் சுற்றி வந்தது நான்தான்

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. ஆயுத பூஜைக்கு மறுநாள், திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் எங்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றி அமராவதி அணைக்குக் கூட்டிப் போனார்கள். முதலாளி காரில் வந்தார். அணையைப் பார்த்து, கட்டுச்சோறு சாப்பிட்டு, மத்தியானத்துக்கு மேல் பக்கத்திலிருந்த ஒரு சின்ன மலைக்குப் போனோம். முன்பக்கம் ஏறினால் உச்சியில் முருகன் கோயில். பின்பக்கம் இறங்கி அடிவாரத்தைச் சுற்றினால், புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. குழந்தையில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் நடப்பேன். கம்பெனியில் உட்கார்ந்து பனியன் மடிக்கிற வேலை.

லாரியை விட்டு இறங்கியதும் சூப்பர்வைசர் என்னிடம், "நீ எங்கம்மிணி மலையேறப்போறே? கீழயே உக்காந்து எல்லாரு செருப்பையும் சோத்துத் தூக்குப்போசியையும் பாத்துக்க" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. என் நல்லதுக்குச் சொல்வதாகத்தான் நினைத்தார். அதுதான் எனக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

எல்லோரும் ஏறிப் போனார்கள். கொஞ்ச நேரம் செருப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து லாரி டிரைவரிடம், "இதை நீங்க பாத்துக்கங்க, நான் மேல போறேன்" என்றேன்.

"முடியுமாங்க அம்மிணி?"

"முடியிலீன்னா பாதியில உக்காந்துக்கறனுங்க."

உட்காரவில்லை. மூச்சு வாங்க நின்று நின்று ஏறினேன். பாதி வழியில் எங்கள் கூட்டம் எதிரே இறங்கி வந்தது. மேகம் கருத்துவிட்டதாம். என்னோடு ஒரே மேஜையில் பனியன் மடிக்கும் பாய் வீட்டுப் பெண்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மழை வருது, திரும்பீரு. சூப்பர்வைசரு மட்டும் பின்பக்கமா எறங்கிச் சுத்தி வர்றேன்னு போயிட்டாரு."

"அப்ப நானும் அப்படியே வர்றேன்" என்று கையை விடுவித்துக்கொண்டேன்.

உச்சியில் யாருமில்லை. சாமி கும்பிட்டுவிட்டுப் பின்பக்கம் இறங்கும்போது தூறல் ஆரம்பித்தது. பாறை வழுக்கியது. பல இடங்களில் உட்கார்ந்து நகர்ந்துதான் இறங்கினேன். பாவாடை கிழிந்தது. பாதிக்குக் கீழே ஒரு முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தால் சூப்பர்வைசர்! வழுக்கி விழுந்து கணுக்கால் புஸ்ஸென்று வீங்கிக் கிடந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த ஏமாற்றம் எனக்கு மறக்கவில்லை. "வேற யாரும் வருலியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நான் வந்திருக்கறனுங்க" என்றேன்.

அவர் துண்டாலேயே காலை இறுக்கிக் கட்டினேன். தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னதும் தயங்கினார். "யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"பாத்தா பாக்கட்டுங்க. இருட்டறதுக்குள்ள கீழ தெரியிற ஓடையத் தாண்டோணும்."

எங்கள் இருவருக்கும் சேர்த்தே நல்ல கால் இரண்டுதான். ஒரு கையை என் தொடையில் ஊன்றி, வலது தோளில் அவர் பாரத்தைத் தாங்கி இறங்கினேன். ஓடையில் செந்தண்ணீர் முழங்கால் வரை வந்துவிட்டது. நடுவில் அவர் தடுமாற, ஒரு வேரைப் பிடித்து இருவரையும் நிறுத்தினேன். "நீ இல்லீன்னா நான் இங்கயே கெடந்திருப்பேன் கண்ணு" என்று அழாத குறையாகச் சொன்னார். அந்த நிமிடம் அவர் மேலிருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அடிவாரத்தைச் சுற்றி லாரி நின்ற இடத்துக்கு வந்தபோது எல்லோரும் ஓடி வந்தார்கள். முதலாளி, "என்னாச்சு?" என்றார்.

சூப்பர்வைசர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். "இந்தப் புள்ளையக் காணோமின்னு தேடிப் போனனுங்க மொதலாளி. போன எடத்துல கால் பெசகிருச்சு."

முதலாளி என்னை முறைத்தார். "சொன்ன பேச்சைக் கேக்க மாட்டியா? உன்னால அவருக்கு எத்தன செரமம்!"

சூப்பர்வைசர் எனக்கு முன்னாலேயே இறங்கிப் போனது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்று தெரிந்தே பேசினேன்.

"இல்லீங்க மொதலாளி. அவரு என்னையத் தேடி வருலீங்க. உளுந்து கெடந்தாருங்க. நாந்தானுங்க தாங்கிக் கூட்டிட்டு வந்தேன்."

என் மேஜையில் மடிக்கும் பாய் வீட்டுப் பெண் மட்டும் மெல்ல, "ஆமாங்க, அவரு முன்னாடியே எறங்கிட்டாருங்க" என்றாள்.

"செரி செரி, எல்லாரும் வண்டியில ஏறுங்க" என்று முதலாளி காருக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

தீபாவளி போனஸ் கொடுத்த கையோடு, வேலை குறைந்துவிட்டது என்று சொல்லி என்னையும் எனக்காகப் பேசிய அந்தப் பெண்ணையும் நிறுத்தினார்கள். அழவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே தெருத் தெருவாகக் கேட்டு, வேறொரு கம்பெனியில் சேர்ந்தோம். ஏன் நின்றீர்கள் என்று அங்கே கேட்டபோது நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம்.

பேசாமல் இருந்திருந்தால் அந்த வேலை நிலைத்திருக்கும்; ஆனால் நான் செய்ததை இன்னொருவர் செய்ததாகச் சொல்லும் கதையில், தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட பரிதாபமான பெண்ணாக ஆயுசு முழுக்க இருந்திருப்பேன், அதற்கு நான் அன்றும் சம்மதிக்கவில்லை, இன்றும் சம்மதிக்க மாட்டேன்.